மேடையில் நடுக்கத்தை மறைக்கப் போராட வேண்டாம்

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நாலு பேரோடு உட்கார்ந்து பேசும்போது உங்களுக்கு எந்தச் சிக்கலும் இல்லை. எழுந்து நின்று 40 பேர் முன்னால் பேச வேண்டும் என்றால் மட்டும் குரல் நடுங்குகிறது, வாய் உலர்கிறது, ஒரு வரி மறந்துவிட்டால் அதன் பிறகு எதுவுமே நினைவுக்கு வருவதில்லை. இத்தனைக்கும் தயாராகாமல் போகிறவர் இல்லை நீங்கள். எழுதி, வரிக்கு வரி மனப்பாடம் செய்து, கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் போகிறீர்கள். அடுத்த மாதம் அலுவலகத்தில் 20 நிமிட உரை ஒன்று காத்திருக்கிறது. இந்தப் பயம் அடியோடு போக என்ன செய்ய வேண்டும், நண்பர் சொன்ன மாத்திரையைப் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் எழுதியதை இரண்டாம் முறை படித்தபோது அதற்குள் வேறொரு கேள்வி இருப்பது தெரிந்தது: நான் பயப்படுவது மற்றவர்களுக்குத் தெரியாமல் இருக்க என்ன வழி? கையை மேசைக்குப் பின்னால் ஒளித்துக்கொள்வது, தலைகளுக்கு மேலே சுவரைப் பார்த்துப் பேசுவது, மூச்சு விடாமல் வேகமாக முடித்துவிட்டு உட்காருவது என்று நீங்கள் சொன்ன உத்திகள் எல்லாம் அந்தக் கேள்விக்கான விடைகள்தான். சிக்கல் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். அதனால் என் பதிலில் பெரும்பகுதி அதைப் பற்றியது.

நான் உளவியல் படித்துவிட்டுப் பல ஆண்டுகளாகப் பேச்சுப் பயிற்சி வகுப்புகள் நடத்தி வருகிறேன். மருத்துவர் இல்லை. ஆகவே மாத்திரை பற்றிச் சொல்லப்போவது பொதுவான தகவல் மட்டுமே. உங்களை நேரில் பார்க்காமல் எழுதுகிறேன் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

உறுதியாகத் தெரிந்ததிலிருந்து தொடங்குகிறேன். பலர் முன்னால் நின்று, அவர்கள் நம்மை எடைபோடுகிறார்கள் என்று தெரிந்துகொண்டே பேசுவது எந்த மனித உடம்பையும் உலுக்கும். ஜெர்மனியின் டிரியர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், ஆய்வுக்கூடத்தில் மன அழுத்தத்தை உண்டாக்குவதற்கென்றே ஒரு சோதனையை வடிவமைத்து 1993-இல் வெளியிட்டார்கள். அதில் வலி கிடையாது, மிரட்டல் கிடையாது. ஒரு சிறு குழுவின் முன்னால் 5 நிமிடம் பேச வேண்டும். அப்புறம் 5 நிமிடம், ஒரு எண்ணிலிருந்து 13 13-ஆகக் கழித்துக்கொண்டே விடையைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். கேட்பவர்கள் புன்னகைக்கவோ தலையசைக்கவோ கூடாது. இவ்வளவுதான் சோதனை. இதற்கே பங்கேற்றவர்களின் எச்சிலில் கார்ட்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் இரண்டு முதல் நான்கு மடங்கு வரை ஏறியது. அவர்கள் நோயாளிகள் இல்லை, பயந்த சுபாவத்துக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களும் இல்லை. ஆகவே உங்கள் உடம்பு வினோதமாக எதுவும் செய்துவிடவில்லை. அட்ரினலின் இதயத்தை வேகப்படுத்துகிறது. எச்சில் குறைவதால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. தோலுக்குப் போகும் ரத்தம் குறைவதால் விரல்கள் சில்லிடுகின்றன. தசைகள் இறுகுவதால் கையும் குரலும் நடுங்குகின்றன. ஆபத்து என்று உடம்பு நினைக்கும் எந்த இடத்திலும் இதேதான் நடக்கும்.

இந்தப் பதற்றம் ஒரே அளவில் நீடிப்பதில்லை என்பதும் நன்றாகத் தெரிந்த விஷயம். பெரும்பாலானோருக்கு, பேசத் தொடங்கும் முதல் ஒன்றிரண்டு நிமிடங்களில்தான் அது உச்சத்துக்குப் போகிறது. பேசப் பேச இறங்கிவிடுகிறது. மேடையேறப் பயப்படுகிறவர்கள் அந்த உச்சத்தை மட்டும் அனுபவித்துவிட்டு, 20 நிமிடமும் இப்படித்தான் இருக்கும் என்று கணக்குப் போடுகிறார்கள். வேகமாகப் பேசி 8 நிமிடத்தில் முடித்துவிட்டு ஓடுகிறவருக்கு, அது இறங்குவதைப் பார்க்கும் வாய்ப்பே கிடைப்பதில்லை.

திரும்பத் திரும்பச் செய்தால் பழகிவிடுமா? அதே சோதனையை வைத்து 20 ஆண்களை 5 நாட்கள் தொடர்ந்து பேச வைத்த ஆய்வு 1995-இல் வந்தது. 13 பேருக்கு முதல் நாள் மட்டும்தான் கார்ட்டிசால் ஏறியது. மறுநாளிலிருந்து அசையவே இல்லை. மீதி 7 பேருக்கு ஐந்து நாளும் நன்றாகவே ஏறியது, ஐந்தாம் நாள்தான் லேசான குறைவு தெரிந்தது. சிறிய ஆய்வுதான். ஆனாலும் வகுப்புகளில் நான் பார்ப்பதோடு ஒத்துப்போகிறது. பெரும்பாலானோருக்குச் சில முறைகளிலேயே பாதிப் பாரம் இறங்கிவிடுகிறது, சிலருக்கு நிதானமாகத்தான் இறங்குகிறது. நீங்கள் அந்த இரண்டாவது வகையாக இருந்தால் அது உங்கள் முயற்சியில் குறை இல்லை. அடியோடு போகுமா என்று கேட்டீர்களே, அதை என்னால் உறுதி சொல்ல முடியாது. ரோமின் மிகப் பெரிய பேச்சாளர் என்று இன்றும் கொண்டாடப்படும் சிசரோ, கி.மு. 66-இல் ஒரு வழக்கில் வாதாடும்போது, தான் எப்போதுமே பெரும் அச்சத்தோடுதான் பேசத் தொடங்குவதாகச் சொல்லியிருக்கிறார். அச்சம் மிச்சமிருக்க, நன்றாகப் பேச முடியும். இந்த ஒன்றை ஏற்றுக்கொண்டாலே உங்கள் வேலை பாதியாகக் குறையும்.

சரி, மறைப்பதற்கு வருவோம். மற்றவர்கள் நம்மை என்ன நினைப்பார்களோ என்று வரும் சமூகப் பதற்றம் பற்றி டேவிட் கிளார்க், ஏட்ரியன் வெல்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் 1995-இல் ஒரு விளக்கத்தை முன்வைத்தார்கள். இன்றைய சிகிச்சை முறைகள் பலவற்றுக்கு அது அடிப்படை. பயப்படுகிறவர் பேசும்போது தன் கவனத்தைக் கேட்பவர்களிடமிருந்து எடுத்துத் தன் மேல் திருப்பிக்கொள்கிறார் என்பது அதன் சாரம். குரல் நடுங்குகிறதா, முகம் சிவந்துவிட்டதா, எல்லாருக்கும் தெரிந்துவிட்டதா என்று உள்ளே ஒரு கண்காணிப்பு ஓடிக்கொண்டே இருக்கும். உள்ளே எவ்வளவு மோசமாக உணர்கிறாரோ, வெளியேயும் அவ்வளவு மோசமாகத் தெரிகிறோம் என்று முடிவு கட்டிவிடுவார். அதைத் தடுக்கச் சில தற்காப்புகளைச் செய்வார். அந்தத் தற்காப்புகள்தான் பயத்தைச் சாகவிடாமல் வைத்திருக்கின்றன. உங்கள் பட்டியலையே எடுத்துக்கொள்ளுங்கள். கையை மேசையோடு இறுக்கிப் பிடித்தால் தசை இன்னும் இறுகி நடுக்கம் கூடும். சுவரைப் பார்த்துப் பேசினால், ஆர்வமாகக் கேட்டுக்கொண்டிருக்கும் முகங்கள் உங்கள் கண்ணில் படவே மாட்டா. முகங்கள் இருக்க வேண்டிய இடத்தை உங்கள் கற்பனை நிரப்பிவிடும். வேகமாகப் பேசினால் மூச்சு வாங்கும். மூச்சு வாங்கினால் குரல் உடையும். எல்லாவற்றையும் விட மோசம், ஒருவழியாகப் பேச்சு நன்றாக முடிந்தாலும், மேசையைப் பிடித்துக்கொண்டிருந்ததால் தப்பித்தேன் என்றுதான் மனம் எழுதி வைக்கும். நன்றாகப் பேசிய நாளும் உங்கள் கணக்கில் வரவாக ஏறாது. வருடக்கணக்காகப் பேசியும் பயம் குறையாதவர்கள் பலரிடம் இதைத்தான் பார்க்கிறேன்.

உள்ளே நடப்பது வெளியே தெரிகிறது என்ற அந்த நம்பிக்கை உண்மையா? பெரும்பாலும் இல்லை. கென்னத் சவிட்ஸ்கி, தாமஸ் கிலோவிச் என்ற இருவர் 2003-இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. என் வகுப்பில் எல்லாருக்கும் முதல் நாளே சொல்லிவிடுவேன். மாணவர்களை மூன்று பிரிவாக்கி, எல்லாரையும் கேமரா முன்னால் 3 நிமிடம் பேச வைத்தார்கள். ஒரு பிரிவுக்கு எதுவும் சொல்லவில்லை. இன்னொரு பிரிவிடம், பதற்றம் வருவது இயல்புதான், கவலைப்படாதீர்கள் என்று தேறுதல் சொன்னார்கள். மூன்றாவது பிரிவிடம், உங்கள் பதற்றம் நீங்கள் நினைக்கும் அளவுக்கு மற்றவர்களுக்குத் தெரிவதில்லை, இது ஆய்வில் கண்டறிந்த உண்மை என்று விளக்கினார்கள். மூன்றாவது பிரிவினர் தங்கள் பேச்சைப் பற்றி நல்லபடியாக உணர்ந்தது மட்டும் இல்லை, பார்த்து மதிப்பிட்டவர்களும் அவர்களுடைய பேச்சே மேலானது என்றார்கள். வெறும் தேறுதல் கேட்ட பிரிவுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. பயப்படாதே என்று உங்களிடம் சொல்கிறவர்களின் அன்பு உண்மையானது, ஆனால் அந்தச் சொல்லால் உதவி இல்லை. பயந்தாலும் அவ்வளவாக வெளியே தெரியாது என்ற தகவல் உதவுகிறது.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். செல்பேசியை நிறுத்தி வைத்து 5 நிமிடம் பேசிப் பதிவு செய்யுங்கள். உடனே பார்க்க வேண்டாம். கை எவ்வளவு ஆடியது, குரல் எத்தனை இடத்தில் உடைந்தது என்று உங்கள் நினைப்பை முதலில் எழுதி வையுங்கள். அப்புறம், திரையில் இருப்பவர் வேறு யாரோ என்பதுபோலப் பாருங்கள். எழுதியதற்கும் பார்த்ததற்கும் உள்ள இடைவெளி பெரும்பாலானோரைத் திகைக்க வைக்கிறது. கண்ணாடி முன்னால் பயிற்சி செய்வதை நான் பரிந்துரைப்பதில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே தன்னைப் பார்க்கும் பழக்கத்தை அது வளர்க்கிறது. அந்தப் பழக்கத்தைத்தான் நாம் விட வேண்டியிருக்கிறது. மாடிப்படியில் இறங்கும்போது ஒவ்வொரு காலையும் குனிந்து பார்த்தால் தடுமாறுவோம் இல்லையா, அதுபோலத்தான் இதுவும்.

மனப்பாடமும் ஒரு தற்காப்புதான், அதுவும் ஆபத்தானது. வரிக்கு வரி மனப்பாடம் செய்யும்போது ஒவ்வொரு வாக்கியமும் முந்தைய வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறது. நடுவில் ஒன்று அறுந்தால் அடுத்ததற்குப் போக வழி இருக்காது. ஒரு வரி மறந்தால் எல்லாமே போய்விடுகிறது என்றீர்களே, காரணம் இதுதான். உங்கள் நினைவாற்றலில் குறை இல்லை. அதற்குப் பதிலாக, 20 நிமிட உரையை நான்கைந்து கருத்துகளாகப் பிரித்து, ஒரே தாளில் பெரிய எழுத்தில் குறிப்புச் சொற்களாக மட்டும் எழுதுங்கள். அதை வைத்துக்கொண்டு சத்தமாக, எழுந்து நின்று, பல முறை பேசிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் வாக்கியங்கள் வேறு வேறாக வரட்டும். ஒரே கருத்தை ஆறு விதமாகச் சொல்லிப் பழகியவருக்கு ஒரு விதம் மறந்தாலும் ஐந்து மிச்சம் இருக்கும். இரண்டே இரண்டு இடங்களை மட்டும் மனப்பாடம் செய்யலாம்: பதற்றம் உச்சத்தில் இருக்கும் அந்தத் தொடக்கத்தின் மூன்று நான்கு வாக்கியங்கள், முடிக்கும்போது சொல்ல வேண்டிய கடைசி வாக்கியம். கடைசி வாக்கியம் கையில் இல்லாதவர்கள் எப்படி முடிப்பது என்று தெரியாமல் சுற்றிச் சுற்றி வருவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இனி, படிப்படியாகப் பழகுவது. பயப்படும் சூழலைத் தவிர்க்காமல் எதிர்கொள்வதுதான் இந்தப் பயத்துக்கு மிக நன்றாக நிரூபிக்கப்பட்ட வழி. அதில் ஆய்வாளர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டு பத்து முறை மேடையேறினால் சரியாகிவிடும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒவ்வொரு முறையும் போவதற்கு முன், என்ன நடக்கும் என்று பயப்படுகிறீர்களோ அதைச் சரிபார்க்கக்கூடிய ஒரே வரியில் எழுதுங்கள். கேவலமாக இருக்கும் என்று எழுதினால் சரிபார்க்க முடியாது. நடுவில் ஒரு நிமிடத்துக்கு மேல் பேச்சே வராமல் நின்றுவிடுவேன், யாராவது சிரிப்பார்கள், கேள்வி கேட்டால் ஒருவருக்கும் பதில் சொல்ல மாட்டேன் என்பவற்றைச் சரிபார்க்கலாம். பேசி முடித்ததும், நடந்ததைப் பக்கத்தில் எழுதுங்கள். நினைத்ததற்கும் நடந்ததற்கும் உள்ள முரண்தான் மூளைக்குப் புதிதாகக் கற்றுக்கொடுக்கிறது என்று இந்தத் துறையில் பலர் இப்போது கருதுகிறார்கள். வெறுமனே பழகுவதை விட இது கூடுதல் பலன் தருகிறதா என்பதில் ஆய்வுகள் இன்னும் முடிந்துவிடவில்லை. என் அனுபவத்தில் தருகிறது.

இதில் துணிச்சலான ஒரு படி உண்டு. ஒரு சிறிய கூட்டத்தில், வேண்டுமென்றே நடுவில் 5 நொடி பேசாமல் நில்லுங்கள். தண்ணீர் குடியுங்கள். ஒரு வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தி, இதை வேறு மாதிரி சொல்கிறேன் என்று திரும்பத் தொடங்குங்கள். நடுங்கும் கையில் தாளைப் பிடித்து, அது ஆடுவது தெரியும்படி நில்லுங்கள். எது நடந்தால் எல்லாம் முடிந்துவிடும் என்று இத்தனை நாள் காவல் காத்தீர்களோ, அதை நீங்களே நடத்திக் காட்டுகிறீர்கள். ஒன்றும் ஆகாது. ஒருவர்கூடக் கவனித்திருக்க மாட்டார், அல்லது கவனித்தவர் அதைப் பொருட்படுத்தியிருக்க மாட்டார். இந்தப் பயிற்சியைச் செய்ய மாட்டேன் என்று முதலில் மறுத்தவர்கள்தான், செய்து முடித்த பிறகு மற்றவர்களிடம் இதைச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். அடிக்கடி பேசும் வாய்ப்புக்கு டோஸ்ட்மாஸ்டர்ஸ் போன்ற மன்றங்கள் நல்லவை. 1924-இல் கலிபோர்னியாவில் ரால்ஃப் ஸ்மெட்லி தொடங்கிய அந்த அமைப்பில், தயாரித்த உரைகள் பெரும்பாலும் 5 முதல் 7 நிமிடம், திடீர்த் தலைப்பில் பேசுவது ஒன்றிரண்டு நிமிடம். குறுகிய நேரம், அடிக்கடி என்பதுதான் அதன் பலம்.

உறுதி குறைந்தவற்றையும் சொல்லிவிடுகிறேன். பதற்றத்தை அடக்க முயலாமல், எனக்கு உற்சாகமாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு மேடையேறினால் பேச்சு மேம்படுகிறது என்று அலிசன் வுட் புரூக்ஸ் என்ற ஆய்வாளர் 2014-இல் காட்டினார். பதற்றம் குறையவில்லை, பேச்சு மட்டும் நன்றாக இருந்தது என்பதுதான் அதில் சுவாரசியம். எல்லாருக்கும் ஒரேபோல் வேலை செய்வதில்லை. செலவில்லாதது, முயன்று பாருங்கள். உடம்பை 2 நிமிடம் கம்பீரமான நிலையில் வைத்திருந்தால் ஹார்மோன் மாறும் என்ற 2010-ஆம் ஆண்டு ஆய்வைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2015-இல் 200 பேரை வைத்துத் திரும்பச் செய்தபோது ஹார்மோன் மாற்றம் எதுவும் தெரியவில்லை. முதல் ஆய்வின் ஆசிரியர்களில் ஒருவரே 2016-இல் அந்த விளைவு உண்மை என்று தான் இனி நம்பவில்லை எனப் பகிரங்கமாக எழுதிவிட்டார். செய்தியில் 7 சதவீதம்தான் சொற்கள், மீதியெல்லாம் குரலும் உடல்மொழியும் என்று பயிற்சி வகுப்புகளில் சொல்வதையும் நம்ப வேண்டாம். ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967-இல் தனித்தனிச் சொற்களையும் அவற்றில் தெரியும் உணர்ச்சியையும் வைத்துச் செய்த சோதனைகளை உரைகளுக்குப் பொருத்திவிட்டார்கள். நீங்கள் சொல்லும் விஷயம்தான் முக்கியம். மக்கள் சாவை விட மேடைக்கு அதிகம் பயப்படுகிறார்கள் என்ற பேச்சும் அப்படித்தான். 1973-இல் அமெரிக்காவில் எடுத்த ஒரு கணக்கெடுப்பில், தங்களுக்குள்ள பயங்களில் ஒன்றாக இதைக் குறிப்பிட்டவர்கள் அதிகம், அவ்வளவே. எது மிகப் பெரிய பயம் என்று அதில் யாரையும் கேட்கவில்லை.

மூச்சுப் பயிற்சி உதவும், ஆனால் அளவாக. பேச எழுவதற்கு முன் சில நிமிடங்கள், உள்ளிழுப்பதை விட வெளிவிடுவது நீளமாக இருக்கும்படி நிதானமாக மூச்சு விடுங்கள். நிமிடத்துக்கு ஆறு முறை அளவில் இருந்தால் போதும். ஆழமாக வேகமாக இழுக்காதீர்கள். ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலைசுற்றலும் விரல்களில் மரத்த உணர்வும் வரும், அதைக் கண்டு இன்னும் பயப்படுவீர்கள்.

மாத்திரை விஷயம். நண்பர் சொன்னது அநேகமாக ப்ரொப்ரனோலால். பீட்டா பிளாக்கர் என்ற வகை. இதய நோய்க்காக 1960-களில் ஜேம்ஸ் பிளாக் உருவாக்கியது. 1988-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அட்ரினலின் இதயத்தின் மேலும் தசைகளின் மேலும் செலுத்தும் விளைவைத் தடுப்பதால் படபடப்பும் நடுக்கமும் குறையும். கவலைப்படும் எண்ணங்களை அது நேரடியாகத் தொடுவதில்லை. ஆஸ்துமா இருப்பவர்களுக்கு இது உயிருக்கே ஆபத்தாகலாம். நாடித்துடிப்போ ரத்த அழுத்தமோ குறைவாக இருப்பவர்களும், சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்களும் கவனமாக இருக்க வேண்டும். நண்பரின் அட்டையிலிருந்து ஒன்றை வாங்கிப் போடாதீர்கள், மருத்துவரிடம் கேளுங்கள். அவர் தந்தால் எடுப்பதில் அவமானம் எதுவும் இல்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் அதையே நம்பினால், மாத்திரையால் தப்பித்தேன் என்று மனம் எழுதிக்கொள்ளும். மேசையைப் பிடித்த கதைதான் மறுபடியும். தைரியத்துக்கு மது வேண்டவே வேண்டாம்.

இந்தப் பயத்தால் பதவி உயர்வை மறுத்திருந்தாலோ, படிப்பை விட்டிருந்தாலோ, மாதக்கணக்கில் தூக்கம் கெட்டிருந்தாலோ ஒரு உளவியல் நிபுணரைப் பாருங்கள். ஆறு மாதத்துக்கு மேல் நீடித்து வாழ்க்கையை முடக்கும் நிலை சமூகப் பதற்றக் கோளாறாக இருக்கலாம். பேசும் மேடையில் மட்டும் வரும் வகையும் அதில் உண்டு. அதற்கு, எண்ணங்களையும் நடந்துகொள்ளும் விதத்தையும் மாற்றப் பழக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை நன்றாகப் பலன் தருகிறது. திக்குவாய் இருந்தால் அது வேறு விஷயம், பேச்சுச் சிகிச்சையாளரிடம் போக வேண்டும்.

அடுத்த மாத உரைக்கு வருகிறேன். இந்த வாரமே உங்கள் அலுவலகக் கூட்டம் ஒன்றில் எழுந்து நின்று ஒரு கேள்வி கேளுங்கள். அடுத்த வாரம் ஏதாவது ஒரு தகவலை 2 நிமிடம் நின்றபடி சொல்லுங்கள். அதற்கடுத்து, 20 நிமிட உரையையே மூன்று நான்கு நண்பர்களை உட்கார வைத்துப் பேசுங்கள். முடிந்தால் பேசப்போகும் அந்த அறையிலேயே, முந்தைய நாள் காலியாக இருக்கும்போது ஒரு முறை. உரை நாளன்று, பேச எழுந்து நின்றதும் உடனே ஆரம்பிக்க வேண்டாம். தாளை மேசையில் வைத்து, நட்பான ஒரு முகத்தைத் தேடி, அவருக்கு முதல் வாக்கியத்தைச் சொல்லுங்கள். ஒரு கருத்து முடியும் வரை ஒருவர், அடுத்த கருத்துக்கு இன்னொருவர் என்று பார்வையை நகர்த்துங்கள். உங்கள் கவனம் உள்ளே திரும்புவது தெரிந்தால், இப்போது சொன்னது அவருக்குப் புரிந்ததா என்று அந்த முகத்தில் தேடுங்கள். நடுவில் மறந்துபோனால் நில்லுங்கள், தாளைப் பாருங்கள், அடுத்த குறிப்புச் சொல்லிலிருந்து தொடருங்கள். விட்டுப்போனது எது என்று உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

அன்று இரவு கவனமாக இருங்கள். தடுமாறிய ஒரு வாக்கியத்தைத் திரும்பத் திரும்ப மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பது இந்தப் பயம் உள்ளவர்களின் வழக்கம். நன்றாகப் போன உரையைக்கூட அது இரண்டே நாளில் தோல்வியாக மாற்றிவிடும். எப்படிப் பேசினேன் என்று யாரிடமும் கேட்காதீர்கள். நன்றாக இருந்தது என்பார்கள், நீங்கள் நம்ப மாட்டீர்கள். அதற்குப் பதில் கேட்டவர்களில் ஒருவரிடம், நான் சொன்னதில் உங்களுக்கு என்ன நினைவில் இருக்கிறது என்று கேளுங்கள். அவர் சொல்லும் இரண்டு மூன்று விஷயங்களை, உரைக்கு முன்னால் நீங்கள் எழுதிவைத்த அந்தப் பயத்துக்குப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.